ஸ்வீடன்காரர்கள் கியூபா இசை வாசிக்கலாமா? கமெண்ட் போட்ட பிள்ளைகளுக்குப் பதில்



போன ஞாயிறு இங்கே நான் பகிர்ந்த வீடியோவுக்கு இத்தனை கமெண்ட் வரும் என்று நினைக்கவில்லை. பொங்கல் வாழ்த்து போட்டால்கூட இருபது லைக்கைத் தாண்டாத பக்கம் இது. ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கும் 1998 பேட்ச் பையன் (பையன் என்ன பையன், தலை பாதி நரைத்துவிட்டது) அனுப்பி வைத்தது. 'காயே ரெயால்' என்று அந்த ஊர் இசைக்குழு. பித்தளை ஊதுகருவிகள், பியானோ, காங்கா முரசு, ஸ்பானிஷ் பாட்டு. கியூபாவில் 'டிம்பா' என்று சொல்கிற ஆட்ட இசை. எனக்குப் பிடித்திருந்தது, உங்களுக்கும் போட்டேன். அவ்வளவுதான்.

2006 பேட்ச் பெண் ஒருத்தி கேட்டிருந்தாள்: "டீச்சர், கியூபாக்காரங்களே வாசிக்கும்போது ஸ்வீடன்காரங்க வாசிக்கிறதை எதுக்குக் கேட்கணும்? ஒரிஜினல் இருக்க டூப்ளிகேட் எதுக்கு?" என் அண்ணன் மகன் இன்னும் காரமாக: "அத்தை, இதுக்குப் பேர் திருட்டு. வெள்ளைக்காரன் நிலத்தை எடுத்தான், சர்க்கரையை எடுத்தான், இப்போ தாளத்தையும் எடுத்துக்கிட்டான்." மிச்சப் பேர் எல்லாரும் "இசைக்கு ஏது எல்லை" என்று எழுதி, கூடவே ஒரு கைகூப்பும் படம்.

மூன்றில் எனக்குப் பிடிக்காதது மூன்றாவதுதான். முதல் இரண்டு பேரும் யோசித்திருக்கிறார்கள். எல்லை இல்லை என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. வரைபடத்தை மடித்து வைத்துவிடலாம். நான் உங்களுக்கு முப்பத்தோரு வருஷம் வரலாறும் புவியியலும் எடுத்தவள். மடிக்க விட மாட்டேன். பதில் நீளமாகத்தான் வரும். கடைசி பெஞ்சு தூங்கக் கூடாது.

முதலில் ஒரு பயணம். இங்கிலாந்தின் கிராமங்களில் ஆணும் பெண்ணும் எதிரெதிர் வரிசையில் நின்று ஆடும் நாட்டுப்புற ஆட்டம் ஒன்று இருந்தது. அது பிரான்சுக்குப் போய் அரண்மனை ஆட்டமானது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கரும்புக் குடியேற்றமான சான் டொமிங்குக்கு, அதாவது இன்றைய ஹைத்திக்கு, அதை எடுத்துப் போனார்கள். 1791இல் அங்கே அடிமைகள் கிளர்ந்து எழுந்தார்கள். தோட்ட முதலாளிகள் தப்பி ஓடியது எங்கே? பக்கத்துத் தீவான கியூபாவின் கிழக்குக் கரைக்கு, சாண்டியாகோவுக்கு. தங்களோடு அடிமைகளையும் கூட்டிப் போனார்கள், ஆட்டத்தையும் கொண்டு போனார்கள். ஸ்பெயின் வழியாகவும் அதே ஆட்டம் கியூபாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. அங்கே வாசித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும். அவர்கள் கையில் தாளம் சாய்ந்தது, இடையில் ஒரு துள்ளல் நுழைந்தது. 1879இல் மத்தான்சாஸ் நகரில் மிகேல் ஃபைல்டே என்ற கார்னெட் கலைஞர் 'டன்சோன்' என்ற புது ஆட்ட வகையை அரங்கேற்றினார். அவருடைய அப்பா ஸ்பெயின்காரர், அம்மா கலப்பினப் பெண். டன்சோன் வாசிக்கிற புல்லாங்குழல், வயலின் குழுவுக்குக் கியூபாவிலேயே 'பிரெஞ்சு சரங்கா' என்று பெயர். அந்தக் குடும்பத்திலிருந்துதான் 1950களின் தொடக்கத்தில் வயலின் கலைஞர் என்ரிகே ஹொர்ரின் 'சா-சா-சா'வைப் பெற்றெடுத்தார். ஆடுகிறவர்களின் காலடி தரையில் உரசும் சத்தமே பெயராயிற்று.

ஆக, லண்டனில் ஒரு குழு சா-சா-சா வாசித்தால், அது இங்கிலாந்துக் கிராமத்து ஆட்டத்தின் கொள்ளுப்பேரன் பாட்டி வீட்டுக்கு வந்த மாதிரி.

"அப்புறம் என்ன அத்தை, அவங்க சொத்து அவங்களுக்குத் திரும்பி வந்திருக்கு, வழக்கே இல்லையே" என்று மருமகன் இப்போது மடக்குவான். வழக்கு இருக்கிறதடா. நடுவில் என்ன நடந்தது என்று பார். கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் எட்டு லட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1886இல்தான். அதற்குப் பிறகும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட, ஆப்பிரிக்க முரசுகளையும் தெரு ஊர்வலங்களையும் அதிகாரிகள் அடக்கிக்கொண்டே இருந்தார்கள். ஐரோப்பா கொடுத்தது ஆட்ட வரிசையும் வயலினும். அதை இன்று உலகமே ஆடும்படி ஆக்கியது அந்த மனிதர்களின் தாளம். அவர்கள் யாரும் விருப்பப்பட்டுக் கப்பல் ஏறவில்லை.

அந்தத் தாளம் என்ன என்று வாயால் சொன்னால் புரியாது. கையை எடுங்கள். சீராக ஒன்றிலிருந்து பதினாறு வரை எண்ணுங்கள். 1, 4, 7, 11, 13 ஆகிய எண்களில் மட்டும் தட்டுங்கள். முதல் பாதியில் மூன்று தட்டு, இரண்டாம் பாதியில் இரண்டு. முன்பாதி கேள்வி கேட்கும், பின்பாதி பதில் சொல்லும். இதுதான் 'கிளாவே'. இரண்டு கட்டை உருண்டைக் குச்சிகளை மோதி அடிப்பார்கள். ஹவானாவின் கப்பல் கட்டும் தளங்களில் பலகைகளைப் பிணைத்த மர ஆணிகளிலிருந்து அந்தக் குச்சிகள் வந்தன என்பார்கள். கச்சேரியில் பாடகர் தொடையில் போடும் தாளம் போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வித்தியாசம். இது சமமான தட்டுகள் அல்ல, கோணலான தட்டுகள். பியானோ, முரசு, ஊதுகருவி, பாடகர் எல்லாரும் இந்தக் கோணலுக்கு அடங்கித்தான் போக வேண்டும். குச்சியை யாரும் அடிக்காவிட்டாலும் அது எல்லார் மனசிலும் ஓடிக்கொண்டிருக்கும். முன்பாதியையும் பின்பாதியையும் மாற்றிப் போட்டுவிட்டால் கியூபாக்காரருக்கு உடனே உறுத்தும். "குறுக்கே போய்விட்டான்" என்பார்கள். காது சொல்லிவிடும். பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது ஐரோப்பாவுக்கு வருவோம். 1930இல் நியூயார்க்கில் டோன் அஸ்பியாசுவின் ஹவானா குழு 'எல் மனிசேரோ' என்ற பாட்டைப் பதிவு செய்தது. தெருவில் வேர்க்கடலை விற்கிறவனின் கூவல்தான் பாட்டு. மொய்செஸ் சிமோன்ஸ் எழுதியது, அந்தோனியோ மச்சின் பாடியது. இசைத்தட்டு எங்கெங்கோ போய் விற்றது. பாரிஸ், லண்டன் எல்லாம் 'ரும்பா' பைத்தியம் பிடித்து ஆடியது. ஆனால் அந்தப் பாட்டு ரும்பாவே அல்ல, 'சோன்' என்ற வேறு வகை. அசல் ரும்பா என்பது ஹவானாவிலும் மத்தான்சாஸிலும் துறைமுகக் கூலிகளும் ஒண்டுக்குடித்தனத்து ஏழைகளும், கருவாட்டுப் பெட்டியைக் கவிழ்த்து அடித்துப் பாடி ஆடியது. 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது அந்த ரும்பாதான். பெயரை அவர்களிடமிருந்து எடுத்து, வேறொரு பண்டத்தின்மேல் ஒட்டி, ஆங்கிலத்தில் ஓர் 'எச்' எழுத்தையும் நடுவில் சேர்த்து விற்றார்கள். மருமகனே, திருட்டு என்று சொல்ல வேண்டுமென்றால் இங்கே சொல், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

லண்டனில் இந்த இசையை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர் எட்மண்டோ ராஸ். அவரும் கியூபாக்காரர் அல்லர். டிரினிடாடில் 1910இல் பிறந்தவர். வெனிசுவேலாவில் வாழ்ந்து, 1937இல் லண்டன் ராயல் அகாடமியில் இசை படிக்க வந்தார். மரினோ பரெட்டோ என்ற கியூபாக்காரரின் குழுவில் வாசித்து, 1940இல் தனிக் குழு தொடங்கினார். போர்க்காலம், குண்டு விழுந்துகொண்டிருந்த ஊர். மக்கள் சுரங்கத்திலிருந்து வெளியே வந்து இவர் இசைக்கு ஆடினார்கள். இளவரசி எலிசபெத் முதன்முதலாகப் பொது இடத்தில் ஆடியதும் இவர் குழுவின் வாசிப்புக்குத்தான் என்று சொல்வார்கள். பிறகு ரீஜென்ட் தெருவில் தான் வாசித்த விடுதியையே விலைக்கு வாங்கித் தன் பெயரை வைத்தார். கறுப்பினத்தவர் ஒருவர், 1951இல், லண்டனின் அந்தத் தெருவில்! அதை மட்டும் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

இசை அறிஞர்கள் இவரை மதிக்க மாட்டார்கள். தாளத்தை எளிமையாக்கினார், இங்கிலாந்துக்காரர்களுக்குத் தெரிந்த மெட்டுகளையே எடுத்து லத்தீன் தாளத்தில் போட்டார், முள்ளை எல்லாம் எடுத்துவிட்டு மீன் கொடுத்தார் என்பார்கள். உண்மைதான். 1969இல் 'ஹேர்' என்ற மேடை நாடகத்தின் பாடல்களைக்கூட அப்படிப் போட்டு ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். நான் அவர் பக்கம். ஆறாம் வகுப்புக்கு அட்சரேகை நடத்துகிறவள் பூமி சரியான உருண்டை இல்லை என்று முதல் நாளே தொடங்கினால் ஒரு பிள்ளையும் தேறாது. ஆட வராத ஜனத்துக்கு ஆட்டம் காட்ட முதலில் எளிமையாக்கத்தான் வேண்டும். என் குறை வேறு. முப்பத்தைந்து வருஷமும் ஆறாம் வகுப்பே நடத்தினார். அடுத்த வகுப்புக்குக் கூட்டிப் போகவே இல்லை. 1975இல், குழுவுக்குள் தகராறு முற்றி, ஒரு விருந்து வைத்து எல்லாரையும் உட்கார வைத்துக் குழுவைக் கலைப்பதாக அறிவித்தார். இசைக் குறிப்புத் தாள்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அழித்துவிட்டார். 2011இல் நூறு வயதில் ஸ்பெயினில் காலமானார். அந்தத் தாள்களை அழித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. எளிமையான பாடமே ஆனாலும் பாடக் குறிப்பை எரிக்கலாமா?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இசைக்காரரே அல்லர், அவர் ஒரு வாத்தியார். 'மொஸ்யே பியேர்' என்று லண்டனில் பிரபலமான நடன ஆசிரியர். டோரிஸ் லவெல் என்ற துணையோடு நடனப் பள்ளி நடத்தினார். 1930களிலிருந்தே ரும்பா சொல்லிக் கொடுத்துப் பெயர் வாங்கியவர். 1947இல் ஹவானாவுக்குப் போனார். போனால், அங்கே யாரும் அவர் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆடவில்லை. லண்டனில் சதுரம் போட்டது போல அடி வைத்து, நான்கு எண்ணிக்கையில் முதல் எண்ணிலேயே காலெடுத்து வைப்பார்கள். ஹவானாவிலோ முதல் எண்ணில் அடி இல்லை. இரண்டில்தான் காலெடுப்பு. ஒன்றில் உடம்பு நிற்கிறது, இடுப்பு மட்டும் அமர்கிறது. அந்த நிற்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

பெயர் வாங்கிய ஆசிரியருக்கு அந்த இடத்தில் இரண்டு வழி உண்டு. நான் சொல்லிக்கொடுத்ததுதான் முறைப்படியானது, இவர்கள் தெருவில் ஏதோ ஆடுகிறார்கள் என்று திரும்பி வரலாம். பலர் அதைத்தான் செய்வார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் செய்திருப்பார்கள் (பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும்). பியேர் அங்கேயே மாணவராக உட்கார்ந்தார். ஹவானாவின் ஆட்டக்காரர்களிடம் கற்றுக்கொண்டு லண்டனுக்குத் திரும்பி, இதுவரை ஆடியது வேறு, இனி இப்படி ஆட வேண்டும் என்று சொன்னார். சும்மா விடுவார்களா? பழைய சதுர ரும்பாவை வைத்துப் பிழைத்த ஆசிரியர்கள் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். 'ரும்பாப் போர்' என்றே அதற்குப் பெயர். மறுபடியும் மறுபடியும் கியூபா போய் வந்தார். 1955இல் கியூபா முறையே அதிகாரபூர்வமான முறையாக ஏற்கப்பட்டது. இன்று உலக நடனப் போட்டிகளில் ரும்பாவில் இரண்டாம் எண்ணில் கால் எடுக்கிறார்கள் என்றால் அது இந்தச் சண்டையின் விளைவு.

அதுவும் ஹவானாத் தெருவின் ஆட்டம் முழுதாக அப்படியே வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. போட்டிக்காக அதைப் பாடத்திட்டமாக வெட்டித் தைத்தார்கள். பெயரும் இன்றுவரை தப்பான பெயரேதான். ஆனாலும் 2006 பேட்ச் பெண்ணே, உன் கேள்விக்கு என் பதில் இந்த மனிதரில்தான் இருக்கிறது. டூப்ளிகேட் என்று நான் சொல்வது ஹவானாவுக்குப் போகாமலே, போனாலும் உட்காராமலே, விற்கிறவர்களை. ஸ்டாக்ஹோம் பையன்கள் வாசிக்கும் டிம்பா எளிமையாக்கிய ராஸ் வகை அல்ல. 1990களில் கியூபாவில் வளர்ந்த இசை அது. தாளம் நொடிக்கு நொடி கியர் மாற்றும், கால்கள் தடுமாறும். அதைப் பழகாமல் அந்த மேடையில் நிற்கவே முடியாது. அதிலும் அவர்கள் பழைய பாட்டை நகல் எடுக்காமல் சொந்தப் பாட்டு கட்டுகிறார்கள்.

அடுத்தது பெயரும் காசும். மருமகன் கேட்ட கேள்வியின் நெஞ்சு இதுதான். பிசே 1875இல் 'கார்மென்' என்ற இசை நாடகம் எழுதினார். அதில் வரும் 'ஹபனேரா'தான் உலகத்திலேயே அதிகம் பாடப்பட்ட ஹவானா பாணிப் பாட்டாக இருக்கும். அந்த மெட்டை யாரோ எழுதிய நாட்டுப்பாடல் என்று நினைத்து எடுத்துக்கொண்டார். அது பத்து வருஷம் முன்பு இறந்துபோன செபஸ்டியான் இராடியேர் என்ற ஸ்பெயின் இசையமைப்பாளருடையது என்று பிறகு தெரிந்தது. இராடியேர் கியூபா போய் வந்தவர். பிசே என்ன செய்தார்? அச்சிட்ட இசைப் புத்தகத்தில் அதைக் குறிப்பாகச் சேர்த்தார். ஒரு வரிதான், ஆனால் சேர்த்தார். இராடியேருக்கு ஹவானாவில் அந்தத் தாளத்தைக் காட்டியவர்களின் பெயர் மட்டும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

உங்களில் பலருக்கு 'மாம்போ நம்பர் ஃபைவ்' தெரிந்திருக்கும். 1999இல் கல்லூரி ஆண்டு விழாவில் குதித்திருப்பீர்கள். பாடியவர் லூ பேகா, ஜெர்மனியின் மியூனிக்கில் பிறந்தவர். அந்த ஊதுகருவி முழக்கம் கியூபாவின் பெரெஸ் பிராடோ அரை நூற்றாண்டுக்கு முன்னால் போட்டது. பிராடோ 1989இல் மெக்சிகோவில் இறந்துவிட்டார். குதித்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? பாட்டை எடுத்ததைக்கூட மன்னித்துவிடலாம். எடுத்த இடம் தெரியாமல் உலகமே குதித்தது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1996இல் லண்டனின் ஒரு சிறு இசைப்பதிவு நிறுவனம் ஹவானாவுக்கு ஆள் அனுப்பியது. மாலி நாட்டுக் கலைஞர்களையும் கியூபாக்காரர்களையும் சேர்த்து வாசிக்க வைக்கத் திட்டம். மாலிக்காரர்கள் வந்து சேர முடியவில்லை. அதனால் ஊரில் இருந்த பழைய கலைஞர்களைத் திரட்டிப் பதிவு செய்தார்கள். அதுதான் 'புவெனா விஸ்டா சோஷியல் கிளப்'. அதில் பாடிய இப்ராஹிம் ஃபெரர் அப்போது செருப்புத் துடைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். வயது எழுபதை நெருங்கியிருந்தது. பியானோ வாசித்த ரூபன் கொன்சாலெஸ் வீட்டில் பியானோவே இல்லை. லண்டன்காரர்கள் இவர்களைப் போல வாசிக்க முயலவில்லை, இவர்களையே வாசிக்க வைத்தார்கள். இவர்கள் பெயரும் முகமும் உலகத்துக்குத் தெரிந்தது. ஆனால் 2004இல் ஃபெரருக்குக் கிராமி விருது கிடைத்தபோது அதை வாங்க அமெரிக்கா போக விசா கிடைக்கவில்லை. மறு வருஷம் இறந்துபோனார்.

சமமில்லாத இடம் இதுதான், தாளம் அல்ல. ஸ்டாக்ஹோம்காரன் நினைத்தால் டிக்கெட் போட்டு ஹவானா போய் மூன்று மாதம் முரசு பழகிவிட்டு வரலாம். ஹவானாவில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஸ்டாக்ஹோம் மேடையில் ஒரு மாலை வாசிக்க, எந்தெந்த அலுவலகத்தில் எத்தனை நாள் நிற்க வேண்டும்? ஸ்வீடன் பிள்ளைகள் வாசிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டால் அந்த ஆசிரியருக்கு விசா கிடைத்துவிடுமா? கிடைக்காது. அவரிடம் கற்றுக்கொள்ள வருகிறவனும் நின்றுபோவான், அந்தப் பாடக் கட்டணமும் போகும். ஐரோப்பாவில் இருக்கும் இந்தக் குழுக்களில் குடியேறிய கியூபாக்காரர்கள் பலர் வாசித்துப் பிழைக்கிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள். 'எல் மனிசேரோ' பாடிய மச்சினே 1939இல் ஸ்பெயினுக்குப் போய், அந்த ஊர்க் கலைஞர்களை வைத்துப் பாடி, 1977இல் சாகும்வரை அங்கேதான் வாழ்ந்தார்.

அதனால் மருமகனே, திருட்டு என்ற உன் சொல்லை நான் முழுதாகத் தள்ளவில்லை. ஆனால் அதை வாசிக்கிற பையன்மேல் எறியாதே. பெயரை மாற்றி ஒட்டியவன்மேல், எழுதியவன் பெயரை மறைத்தவன்மேல், விசா மறுத்தவன்மேல் எறி. குறி சரியாக இருக்கட்டும். நீ சின்ன வயசில் மாங்காய்க்கு எறிந்த கல்லெல்லாம் யார் வீட்டு ஓட்டில் விழுந்தது என்று உன் அப்பாவுக்குத் தெரியும்.

ஸ்டாக்ஹோம் பையா, உனக்கு இரண்டு வேலை. அடுத்த தடவை அங்கே ஏதாவது ஒரு குழு கியூபா ஆட்டத்துக்கு வாசித்தால் போய் ஓரமாக நின்று பார். பழைய கியூபாப் பாட்டு ஒன்றைத் தொடங்கும்போது அதை எழுதியவர் பெயரை மேடையில் சொல்கிறார்களா? சொன்னால் எழுதி அனுப்பு, இங்கே போடுகிறேன். சொல்லாவிட்டால் இடைவேளையில் போய்க் கேள், நீ கேட்கிற பையன்தானே. இரண்டாவது, கிளாவேயைக் கையில் தட்டிப் பார்த்துக்கொண்டே கேள். 1, 4, 7, 11, 13. முன்பாதியும் பின்பாதியும் எங்கே இடம் மாறுகிறது என்று தெரிந்தால் அதையும் எழுது.

மற்றவர்கள் தட்டிப் பழகி வீடியோ எடுத்து அனுப்பலாம். பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து அனுப்பினால் இன்னும் நல்லது.